இறுவட்டும் இரண்டு அறைகளும்

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் பழைய வீடியோக்கள் எதில் பதிந்து கிடக்கின்றன என்று பார்த்தாலே, வீட்டுக்காரர் எந்தக் காலத்தில் வந்தவர் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். எண்பதுகளில் வந்தவர்களிடம் கறுத்தக் கசெற்றுகள். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து வந்தவர்களிடம் இறுவட்டுகள். 2009க்குப் பிறகு வந்த என்னைப் போன்றவர்களிடம் ஒன்றுமேயில்லை. இருக்கிறதெல்லாம் போனுக்குள், அல்லது மண்டைக்குள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். சினிமாப் பட டிவிடிகள் பிளாஸ்ரிக் உறையும் நடிகரின் படமுமாகக் கண்ணாடி அலுமாரியில் நிற்கும். சொந்தக்காரரின் கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, கோயில் தேர் எல்லாம் உறையில்லாமல் பிஸ்கற் தகரத்துக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மேலே நீலப் பேனையால் 'வெடிங் 2' என்று எழுதியிருக்கும். ஆருடைய வெடிங் என்று எழுதியிருக்காது. எங்கு தேடினாலும் கிடைக்கிற சாமானுக்கு உறை. உலகத்திலேயே இரண்டோ மூன்றோ மட்டும் இருக்கிற சாமானுக்குத் தகரம். குறையாகச் சொல்லவில்லை. அது காசு கொடுத்து வாங்கியது, இது சும்மா வந்தது. அவ்வளவுதான்.

நான் இருப்பது பாரிஸுக்கு வடக்கே, எங்கள் சனம் 'தொண்ணூற்றிமூன்று' என்று சொல்கிற மாவட்டத்தில், ஐந்தாம் மாடி வீடொன்றில். வீடு அக்காவும் அத்தானும் எடுத்திருப்பது. சொந்த அக்கா அல்ல. ஒன்பது வருஷமாக அவர்களுடைய சின்ன அறையில் வாடகைக்கு இருக்கிறேன். நான் வரமுன்னர் அது சாமான் போடுகிற அறை. அதனால் அலுமாரிக்கு மேலே இருந்த நான்கு பெட்டி இறுவட்டுகளும் அறையோடு சேர்ந்து எனக்கு வந்தன. ரீவி இருப்பது ஹோலில். இடையில் ஒடுங்கிய நடை, குசினி, தடித்த கொங்கிறீற் சுவர்.

டிவிடி போடுகிற பெட்டி எப்போதோ பழுதாகிவிட்டது. ரீவியும் மாறிவிட்டது. புது ரீவியில் பழைய பெட்டியைப் பொருத்துகிற பெரிதெல் துவாரமே இல்லை. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதனால் ஒரு கவலையுமில்லை. இறுவட்டு வாசிக்கக்கூடியதாக வீட்டில் மிஞ்சியிருந்தது, பழஞ்சாமான் சந்தையில் நாற்பது யூரோவுக்கு நான் வாங்கின கொம்பியூட்டர் ஒன்றுதான். பார்க்கிற கண்ணாடி அங்கே, வாசிக்கிற வாய் இங்கே. அக்கா என் அறைக்குள் வந்திருந்து பார்க்கமாட்டா. அது சரியுமில்லை. கட்டிலை விட்டால் இருக்க இடமுமில்லை.

இந்த அறையில் இருக்கிற படத்தை அந்த அறைக்கு அனுப்புகிறதைத்தான் ஸ்ரீமிங் என்கிறார்கள். எங்களுக்கு விளங்கக்கூடியமாதிரிச் சொன்னால், வாய்க்காலில் தண்ணி விடுகிறது. குளத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வயலில் வைக்கத் தேவையில்லை. குளம் அங்கேயே இருக்க, வேண்டிய அளவு தண்ணி வந்துகொண்டிருக்கும். வயல்பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி முன்கூட்டியே நிரம்பியிருக்கும்; வழியில் கொஞ்சநேரம் வரத்துக் குறைந்தாலும் தொட்டியிலிருப்பது சமாளிக்கும். படம் நின்று வட்டம் சுற்றுகிறதென்றால் தொட்டி வற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு டிவிடிக்கு உச்சமாக விநாடிக்குப் பத்து மெகாபிற் அளவில்தான் வேண்டும். இன்றைய வைஃபைக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் எங்கள் கொங்கிறீற் சுவர் அதைக்கூடக் குடித்தது. கடைசியில் பதினைந்து மீற்றர் வயர் வாங்கி, கதவுநிலைகளுக்கு மேலால் ஆணியடித்துக் கொண்டுபோய் ஹோலில் இருக்கிற இன்ரநெற் பொக்ஸில் செருகினேன். அத்தான் ஏணியைப் பிடித்தார்.

இந்த வேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதுவும் எங்களுக்குக் கிட்டத்தான். பாரிஸின் தெற்குப் பக்கமாக சத்தனே-மலாப்ரி என்ற இடத்தில் அப்போது எக்கோல் சென்றால் என்கிற பேர்போன பொறியியற் கல்லூரி இருந்தது. 1996இல் அங்கு விடுதியில் இருந்த மாணவர்களுக்கு வேகமான வலையமைப்பு தேவைப்பட்டது. அதற்கு ஒரு நியாயம் காட்டவேண்டுமே! செய்மதித் தொலைக்காட்சியை ஓரிடத்தில் வாங்கி வலையமைப்பு வழியாக அறை அறையாக அனுப்பிக் காட்டுகிறோம் என்று தொடங்கினார்கள். அனுப்புகிறதற்கு ஒரு புறோகிராம், வாங்கிப் பார்க்கிறதற்கு இன்னொன்று. வாங்கிப் பார்க்கிற அந்தப் பாதிதான் இன்றைக்கு நாங்கள் எல்லாரும் பாவிக்கிற வி.எல்.சி. 2001இல் கல்லூரி சம்மதித்து அதை எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டார்கள். அந்தச் செம்மஞ்சள் கூம்பு அடையாளம்கூட, மாணவர்கள் தெருவிலிருந்து கொண்டுவந்து சேர்த்த கூம்புகளின் ஞாபகம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானபீடத்தில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன் நான். (ஏன் நின்றது என்பதை இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.) விடுதிப் பெடியள் விளையாட்டுப்போலத் தொடங்கினது என்று வாசித்தபோது ஒரு சின்னப் பொறாமை வரத்தான் செய்தது. பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போய்விட்டேன்.

சினிமாப் படம் ஒன்றையும் தொடுவதில்லை என்று முதலே தீர்மானித்தேன். அவற்றைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்குகிற படங்களுக்குப் பூட்டும் போட்டிருக்கிறார்கள். எங்கள் கலியாணங்களுக்குப் பூட்டில்லை. ஆர் களவெடுக்கப்போகிறான்!

செய்கிற முறை சுலபம். இறுவட்டை அப்படியே முழுதாக ஒரு ஃபைலாக இறக்குவது. அதைச் சுருக்காமல், தரத்தைக் குறைக்காமல், ரீவிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றுவது. ஜெலிஃபின் என்கிற இலவசப் புறோகிராம் ஒன்றை என் கொம்பியூட்டரில் ஓடவிடுவது. ஹோலில் ரீவியைப் போட்டால் எல்லாம் பட்டியலாகத் தெரியும். ஒரு இறுவட்டில் கூடினால் நாலரை ஜிகாபைற். நான்கு பெட்டியும் சேர்ந்தாலும் சட்டைப்பையில் வைக்கிற ஒரு டிஸ்க்குக்குள் அடங்கும். வேலை நீளுவது அழுக்கால்தான். றெஸ்ரோறண்டில் நான் கோப்பை கழுவலில் தொடங்கினவன். கோப்பையை வட்டமாகத் தேய்ப்போம். இறுவட்டை அப்படித் தேய்க்கக்கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு, நேராக, மெல்லிய துணியால். வட்டமாக விழுகிற கீறல்தான் ஆபத்து. தடத்தைக் குறுக்கே வெட்டுகிற கீறலில் எழுத்துகள் கொஞ்சம்தான் போகும். மிச்சத்தை வைத்து அதை நிரப்பிக்கொள்கிற கணக்கு இறுவட்டுக்குள்ளேயே இருக்கிறது. தடத்தோடு கூடவே ஓடுகிற கீறல் அந்தக் கணக்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கீறாமல் வைத்திருந்தாலும் இவை சாகும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. கடையில் விற்கிற படத்தில் எழுத்து அச்சாகக் குத்தியிருக்கும். கலியாணவீட்டுக்காரர் தருகிறது அப்படியல்ல. அது ஒருவகைச் சாயத்தில் ஒளியால் சுட்டு எழுதியது. சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மங்கும். சீடியில் அந்தச் சாயம் பேர் எழுதுகிற பக்கத்துக்கு நேரே கீழே, மெல்லிய பூச்சுக்குள் இருக்கிறது. எங்கள் ஆட்கள் குமிழ்ப்பேனையால் அழுத்தி எழுதுவது அதன் முதுகில்தான். டிவிடியில் இரண்டு பிளாஸ்ரிக் தகட்டுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. முதற் பெட்டியிலிருந்த ஐம்பதில் ஆறு வாயே திறக்கவில்லை. அதில் ஒன்று அத்தானின் தகப்பனாரின் செத்தவீடு. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்துவிட்டு, "பாத்தனாங்கள்தானே, பரவாயில்லை" என்றார். எறியவில்லை. திரும்பப் பெட்டிக்குள்தான் வைத்தார்.

எங்களுடைய வீடியோ மோகத்தைப் பற்றி இப்படியான சஞ்சிகைகளில் எவ்வளவு நக்கல் எழுதியிருக்கிறார்கள்! தாலி கட்டின பிறகு, வெளிச்சம் காணாது என்று வீடியோக்காரர் இன்னொருக்காக் கட்டச்சொன்ன கதையைக் கேட்காதவர் இருக்கமாட்டார். அந்த நக்கலில் நியாயமும் உண்டு. கடன்பட்டுக் காட்டின காட்சிகள் அவை. ஆனால் ஐம்பது, நூறு என்று நாளும் பொழுதும் இறக்கிக்கொண்டிருக்கிறபோது எனக்கு வேறொன்று தெரியத் தொடங்கியது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் எப்படியும் இருப்பார்கள். அவர்களுடைய அல்பம் மூன்று கண்டத்தில் இருக்கும். இல்லாமல் போனவர்கள் நிற்பது ஓரத்தில். கதிரை அடுக்குகிறவன், வாழை கட்டுகிறவன், பந்தியில் பரிமாறுகிறவன். வீடியோக்காரர் நேரத்தை நிரப்புவதற்காக, சாப்பிடுகிற ஒவ்வொரு வாயையும் கமராவால் தடவிக்கொண்டே போவாரே, பார்க்கிற எல்லாரும் வேகமாக ஓட்டிவிடுகிற அந்த அலுப்புப் பிடித்த பதினைந்து நிமிஷம், அதற்குள்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

அக்காவின் தம்பியும் அதற்குள்தான் இருந்தார்.

அக்கா 1999இல் வந்தவ. அப்போது தம்பிக்குப் பதின்மூன்று வயது. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்து, ஏ9 பாதையும் திறந்தபிறகு இங்கிருந்து சனம் கூட்டங்கூட்டமாக ஊருக்குப் போனது. அகதிக் கார்ட் வைத்திருந்தவர்கள் போகமுடியாது. அக்காவும் போகவில்லை. 2004இல் கிளிநொச்சியில் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம். விடுமுறைக்குப் போய்வந்த அயலவர் ஒருவர் அந்தக் கலியாணத்தை இறுவட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் தம்பி பதினெட்டு வயது வாலிபன். அக்கா வளர்ந்த தம்பியைக் கண்டது அந்த ஒரு தடவைதான். 2006 ஆகஸ்டில் பாதை மூடியது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை.

வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டன. மிஞ்சியது அக்கா இங்கு வரும்போது பாஸ்போட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த பள்ளிக்கூடப் படம் ஒன்று. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கந்தசாமி கோவிலடியில் இருந்து போராடத் தொடங்கியபோது அக்காவின் அம்மாவும் போயிருந்தா. கையில் பிடித்திருந்தது அந்தப் பள்ளிக்கூடப் படத்தின் கொப்பி. விசாரிக்க வந்தவர்கள், படமெடுக்க வந்தவர்கள் எல்லாரும், "இது சின்னப்பிள்ளையல்லோ அம்மா" என்று கேட்பார்களாம். இருபத்திமூன்று வயதில் காணாமற்போனவனுக்குப் பதின்மூன்று வயதுப் படம். அப்போதே அக்கா இறுவட்டை எடுத்துப் போட்டிருக்கிறா. அது பந்தியில் வந்து நின்றுவிட்டது. சதுரம் சதுரமாக உடைந்து, பிறகு ஒரே தாவலில் பொம்பிளை அழைப்புக்குப் போய்விட்டது. அக்கா ஒருவருக்கும் சொல்லவில்லை.

எனக்குச் சொன்னது 2023 மாரியில், இரண்டாவது பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது. குசினி வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டா.

"தம்பி, நான் அந்த இடத்திலை திருப்பித் திருப்பி நிப்பாட்டிப் பாத்ததாலைதானே அது தேஞ்சுபோனது?"

இந்தக் கேள்வியை அக்கா எத்தனை வருஷம் வைத்திருந்தாவோ தெரியாது. கசெற்றாக இருந்தால் அது உண்மை. கசெற்றில் படத்தை நிறுத்திவைத்தால், நாடா நிற்க, வாசிக்கிற உருளை அதே இடத்தை உரசிக்கொண்டேயிருக்கும். விருப்பமான இடம்தான் முதலில் தேயும். அக்கா அந்தப் பழைய அறிவோடு இருந்திருக்கிறா. இறுவட்டில் ஒன்றும் ஒன்றை முட்டுவதில்லை. ஒளி மட்டும்தான் படுகிறது. ஒளிபட்டு வாசிப்பதால் தேயாது. ஆயிரந்தரம் நிறுத்திப் பார்த்தாலும் தேயாது.

இதை விளங்கப்படுத்தினேன். நம்பவில்லை. இறுவட்டைச் சரித்துக் கீறலைக் காட்டினேன். நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில், கவராயத்தால் கீறினமாதிரி ஒரு வில். "இது பாத்ததாலை வந்ததில்லை அக்கா. சுத்திக்கொண்டிருக்கேக்கை ஆரோ பெட்டியை அசைச்சிருக்கினம். பிள்ளையள் சின்னனிலை இடிச்சிருப்பினம், இல்லாட்டி கூட்டேக்கை தும்புத்தடி பட்டிருக்கும்" என்றேன். அக்கா கீறலை விரலால் தொடாமல், கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. "அப்ப நான் பாத்ததாலை இல்லை" என்று மட்டும் சொன்னா. கேள்வியாகச் சொல்லவில்லை.

பழுதான இறுவட்டை மீட்பதற்கு டிடிரெஸ்கியூ என்று ஒரு புறோகிராம் உண்டு. அதுவும் இலவசம். சாதாரணமாகப் பிரதி எடுக்கிறபோது கொம்பியூட்டர் பழுதான இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். இது அப்படியில்லை. முதற்சுற்றில் சுகமாக வாசிக்கக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டுப் பழுதைத் தாண்டிப் போகும். பிறகு திரும்பி வந்து ஓரங்களால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதை எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடம் எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் இன்று நிறுத்தி நாளைக்குத் தொடரலாம். இறுவட்டைக் கழற்றி வேறொரு வாசிப்பானில் போட்டும் தொடரலாம். ஒன்றுக்கு வாசிக்க முடியாதது மற்றதுக்கு முடியும். நான் மத்தியானச் சேர்விசுக்குப் போகும்போது ஓடவிட்டுப் போவேன். இரவு ஒருமணிக்கு வந்து, சப்பாத்துக் கழற்றமுன்னம் இலக்கத்தைப் பார்ப்பேன். முதல்நாள் அறுபது மெகாபைற் பாக்கி. நாலாம் நாள் முப்பத்தெட்டு. வேலையிடத்து நண்பர் ஒருவரின் வாசிப்பானில் போட்டபோது இருபத்திரண்டு. அதற்குப் பிறகு ஒரு கிழமையாக அசையவில்லை. அந்த இருபத்திரண்டும் பந்திக்குள்தான்.

கொஞ்சம் போனால் என்ன என்று நினைக்கலாம். டிவிடியில் படம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதில்லை. ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒன்றுதான் முழுப்படம். மற்றவை அதற்கும் தமக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைத்திருக்கும். அந்த ஒன்று போனால் அதை நம்பியிருந்த பத்துப் பன்னிரண்டும் போகும். முகம் சதுரம் சதுரமாக உடைவது இதனால்தான்.

அத்தான்தான் யோசனை சொன்னார். "உந்தக் கலியாணம் சுவிஸிலும் இருக்கவேணும். பொம்பிளையின்ரை தாய்மாமன் பேர்ண் பக்கத்திலை இருக்கிறார்." ஒரே கலியாணத்தை இரண்டு மூன்று நாடுகளில் வைத்திருக்கிற சனம் நாங்கள்! கேட்டோம். இருந்தது. ஒருதரம் பார்த்துவிட்டு வைத்ததாம். பதிவுத் தபாலில் வந்தது. கீறலே இல்லை. ஆனால் அவர் ஆசையாகத் தாலி கட்டுகிற படத்தை அச்சடித்து மேலே ஒட்டியிருந்தார். ஒட்டின கடதாசி காலப்போக்கில் இறுவட்டைச் சாடையாக வளைத்துவிடும். வேகமாகச் சுழலும்போது விளிம்புதான் கூட ஆடும். இறுவட்டு உள்ளேயிருந்து வெளியே எழுதப்படுவது, ஆகவே அவருடையதில் கடைசி இருபது நிமிஷம் வாசிக்கவில்லை. எங்களுடையதில் நடு இல்லை. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்டவையா என்று முதலில் ஒப்பிட்டேன். வாசிக்க முடிந்த இடமெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தது. அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, எங்களுடையதில் இல்லாததை மட்டும் சுவிஸ் இறுவட்டிலிருந்து எடுக்கச் சொன்னேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பாக்கி பூச்சியம்.

நான் பார்த்துவிட்டேன். சரியா என்று பார்க்கத்தானே வேண்டும். இடது பக்கத்தால் அப்பளக் கடகத்தோடு வருகிறார். ஒரு பெரியவரின் இலைக்குக் குனிகிறார். நிமிரும்போது வீடியோக்காரரின் லைற் கண்ணில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கமராவைப் பார்த்து எதையோ சொல்லிச் சிரித்துவிட்டு அந்தப்பக்கம் திரும்புகிறார். மூன்று விநாடியும் ஏழு பிரேமும். நீலக்கோடு போட்ட சேட்டு.

றெஸ்ரோறண்ட் பூட்டுகிற திங்கட்கிழமையாகப் பார்த்துப் பட்டியலில் ஏற்றினேன். 'கலியாணம், கிளிநொச்சி, 2004' என்று பேர் போட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம், அத்தான் வேலை. அக்கா ஹோலில். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் நாதஸ்வரம் கேட்டது.

இந்தப் புறோகிராமில் ஒரு விஷயம். அனுப்புகிற பக்கத்திலிருந்து பார்த்தால், எந்த ரீவியில், எந்தப் படம், எந்த நிமிஷத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் காட்டும். என் திரையில் இலக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு இடத்தையும் ஓட்டவில்லை. முழுக் கலியாணத்தையும் பார்த்தா. 1 மணி 17 நிமிஷம் 42 விநாடியில் இலக்கம் நின்றது. நாதஸ்வரமும் நின்றது. நான் திரையை அணைத்துவிட்டேன். பிறகு அக்காவிடம் அதைச் சொன்னேன், அப்படி ஒரு பலகை இருக்கிறது, இனி அது பூட்டித்தான் இருக்கும் என்று. "நீர் பாத்தால் என்ன" என்றா. இல்லை, பூட்டித்தான் இருக்கவேண்டும். ஒரு வீட்டில் ஆர் எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பது வாடகைக்கு இருக்கிறவனுக்கு மட்டுமல்ல, ஒருவருக்குமே தெரியவேண்டிய விஷயமில்லை.

பட்டியல் என்பது ஹோலுக்குரிய சாமான். தகரத்துக்குள் இருந்தது இப்போது எல்லாருடைய கண்ணிலும் படுகிறது. ஒருநாள் மகள் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பதினேழு வயது. என்னையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "மாமா, அப்பளம் குடுக்கிறது மாமாவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "என்னைவிட ஒரு வயசுதான் கூட" என்றாள். இவ்வளவு காலமும் அவளுக்கு அந்த மாமா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை.

அந்த மூன்று விநாடியைத் தனியாக வெட்டி, திரும்பத் திரும்ப ஓடுகிறமாதிரிச் செய்து தரட்டோ என்று அக்காவிடம் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. கலியாணத்துக்குள்ளையே இருக்கட்டும். தனிய எடுத்தால் அது செத்தவீட்டுப் படம் மாதிரி."

ஆனால் அம்மாவுக்குப் படம் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு அக்கா சம்மதித்தா. அந்தக்காலக் கமராப் படம் ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக எடுக்கப்பட்டது. ஒற்றைக் கோடுகள் ஒரு தரம், இரட்டைக் கோடுகள் ஐம்பதில் ஒரு விநாடி கழித்து. ஆள் அசைந்தால் இரண்டும் பொருந்தாது. நிறுத்திப் பார்த்தால் முகத்தில் சீப்புப் பல்லுப்போல விழும். எண்பத்திரண்டு பிரேமையும் நூற்றி அறுபத்திநாலு பாதியாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகம் நேரே தெரிகிறது ஒன்பதில். அதிலும் முகம் மொத்தமாக நாற்பது புள்ளி உயரம். சரியான மங்கல். அதில் நல்லதொன்றை அக்கா தெரிந்தா. போனில் அனுப்பினோம்.

அங்கு ஒரு கடையில் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தம்பி நல்லெண்ணத்தோடு, இப்போது வந்திருக்கிற கொம்பியூட்டர் முறையால் தெளிவாக்கிக் கொடுத்திருக்கிறான். அந்த முறை இல்லாததைக் கண்டுபிடிப்பதில்லை. வேறு ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகினதை வைத்து, இப்படி இருக்கலாம் என்று நிரப்புகிறது. வந்த படத்தில் கண்ணிமை ஒவ்வொன்றும் தெரிந்தது. பல்லுத் தெரிந்தது. வடிவான பெடியன். அம்மா போனில் சொன்னா: "வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனால் இவன் ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை."

அக்கா போனை என்னிடம் தந்தா. "அம்மா, மங்கலாத்தான் இருக்கும், ஆனால் அதுதான் அவர்" என்றேன். "எனக்கென்ன ராசா, எனக்கும் கண் மங்கல்தானே" என்றா. கைவைக்காத படத்தையே உள்ளங்கையளவாக அச்சடித்து வைத்திருக்கிறா. பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டிப் பிடித்திருப்பதை அக்கா எனக்குக் காட்டினா. கூட இருந்த தாய்மாரில் பலர் இப்போது இல்லை.

இது நடந்தபிறகு எங்கள் மாடியில் கதை பரவிவிட்டது. ஆட்கள் பையோடு வருகிறார்கள். இளம் ஆட்கள் கேட்பது, "அண்ணை, முக்கியமான இடங்களை மட்டும் வெட்டி இருபது நிமிஷமாக்கித் தாங்கோ" என்று. நான் முழுதாகத்தான் தருகிறேன். வெட்டுகிறதென்றால் நீங்கள் பிறகு வெட்டுங்கள், முழுப்பிரதியை எறியாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். பந்தியைக் கட்டாயம் வைத்திருங்கள் என்றால் சிரிக்கிறார்கள். ஒரு பிரதி இந்த வீட்டில் இருந்தால் இன்னொன்று வேறொரு வீட்டில் இருக்கவேண்டும். முடிந்தால் வேறொரு நாட்டில். மேலே கடதாசி ஒட்டவேண்டாம். ஆருடைய கலியாணம், எந்த ஊர், எந்த ஆண்டு, ஓரத்தில் நிற்பவர்கள் ஆர் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

மூன்றாவது பெட்டியில் இன்னும் நாற்பத்தாறு இருக்கின்றன. நாலாவதை இன்னும் திறக்கவில்லை. இரண்டாம் மாடி ஐயா போன கிழமை இரண்டு பை நிறையக் கசெற் கொண்டுவந்து தந்தார். 1991, 92 என்று எழுதியிருக்கிறது. கசெற் போடுகிற பெட்டியைப் புதிதாகச் செய்வதை உலகத்தில் கடைசியாக நிறுத்தியது 2016இல். பழையது ஒன்று தேடுகிறேன். ஆரிடமாவது வேலை செய்கிற நிலையில் இருந்தால், எறிந்துவிடாமல் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். பாரிஸுக்குள் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், திங்கட்கிழமைகளில்.